வேண்டாம் என்று விட்ட கல்லீரல் எப்படி உயிர் காக்கிறது?

2025 ஆகஸ்டில் ஜப்பானின் டெருமோ நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த ‘ஆர்கன்ஆக்ஸ்’ என்ற நிறுவனத்தைச் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கப்போகிறது என்பதுதான் அது. ஆர்கன்ஆக்ஸின் முக்கியத் தயாரிப்பு ஒரே ஒரு கருவி. இறந்தவர் உடலிலிருந்து எடுத்த கல்லீரலை, நோயாளியின் உடலுக்குள் வைக்கும்வரை, ஐஸில் போடாமல் உடல் சூட்டிலேயே ரத்தம் ஓடவிட்டு வைத்திருக்கும் கருவி அது.

இந்தச் செய்தியைப் படிக்கும் எவருக்கும் சில கேள்விகள் எழும். ஐஸ் பெட்டியில் உறுப்பைக் கொண்டுபோவதைத்தானே இத்தனை வருடம் பார்த்தோம், அதில் என்ன குறை? மருத்துவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஈரலை நோயாளிக்கு வைக்கிறார்களாமே, அது நியாயமா? ஒரு பெட்டிக்கு இவ்வளவு விலையா?

பதில் தேடிப் போனால் பீட்டர் ஃப்ரெண்ட் என்ற அறுவை மருத்துவரின் நீண்ட உழைப்புக்கு வந்து சேர்வோம். அவருடைய வேலை புரிய, கல்லீரல் மாற்று சிகிச்சை எங்கே முட்டிக்கொண்டு நின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கல்லீரலுக்கு ஏன் மாற்று வழியே இல்லை

சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு கிடந்தாலும் ஆள் வருடக்கணக்கில் வாழலாம். கல்லீரலுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. ஒன்றரை கிலோ எடையுள்ள இந்த உறுப்பு ரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்கிறது, சர்க்கரையைச் சேமித்துத் தேவைப்படும்போது விடுகிறது, அம்மோனியா முதலான நச்சுகளை அகற்றுகிறது, பித்தநீரைச் சுரக்கிறது. இத்தனையையும் நெடுநாள் சேர்த்துச் செய்யும் கருவி இன்றுவரை இல்லை. ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் நோய் முற்றியவருக்கோ, திடீரென ஈரல் செயலிழந்தவருக்கோ இன்னொரு ஈரல் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் மரணம்.

அமெரிக்காவின் டென்வரில் 1963 மார்ச் மாதம் தாமஸ் ஸ்டார்ஸல் மனிதருக்கு முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார். மூன்று வயதுச் சிறுவன் ரத்தப்போக்கு நிற்காமல் அறுவை மேசையிலேயே இறந்துபோனான். அடுத்தடுத்து வந்தவர்களும் பிழைக்கவில்லை. 1967இல்தான் அவருடைய நோயாளி ஒருவர், ஒன்றரை வயதைத் தாண்டிய ஒரு பெண்குழந்தை, ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் ஐரோப்பாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்றைச் செய்தார். உடல் புதிய உறுப்பை எதிர்ப்பதைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை 1978இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவரும் அவர்தான். 1983இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய கருத்தரங்கு, இது இனி சோதனை அல்ல, முறையான சிகிச்சை என்று அறிவித்தது.

சிகிச்சை வெற்றி பெற்றதும் வரிசை நீண்டது. அன்று தொடங்கிய பற்றாக்குறை இன்றும் தீரவில்லை.

ஐஸ் பெட்டிக்குள் நடப்பது என்ன

உடலிலிருந்து எடுத்த உறுப்புக்கு ரத்தம் இல்லை, ஆக்சிஜன் இல்லை. ஆனாலும் அதன் செல்கள் உடனே செத்துவிடுவதில்லை, சக்தியைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. குளிர்வித்தால் அந்தச் செலவு குறையும். ஏறக்குறைய 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால் செல்களின் வேலை பத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சதர்டும் 1980களின் பிற்பாதியில் உருவாக்கிய திரவம் இந்த முறையை மேலும் உறுதியாக்கியது. அதற்கு முன் ஆறேழு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டிய வேலைக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. ஒரு பை, ஒரு திரவம், ஒரு ஐஸ் பெட்டி. செலவு குறைவு, தூக்கிக்கொண்டு ஓட எளிது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான உயிர்களை இது காப்பாற்றியிருக்கிறது.

சரி, குறை எங்கே?

1. செல்களின் சக்திச் செலவு குறைகிறதே தவிர நிற்பதில்லை. செல்லின் கைச்செலவுக் காசு போன்றது ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. ஆக்சிஜன் இல்லாமல் அதைப் புதிதாகச் சம்பாதிக்க முடியாது. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கையிருப்பு கரைகிறது. கூடவே சக்சினேட் போன்ற பொருள்கள் செல்லுக்குள் தேங்குகின்றன.

2. பெரிய காயம் ரத்தம் திரும்பப் பாயும்போது ஏற்படுகிறது. நோயாளியின் உடலில் பொருத்தி ரத்தக்குழாய்களைத் திறந்தவுடன் ஆக்சிஜன் ஒரேயடியாக உள்ளே வருகிறது. தேங்கிய சக்சினேட் வேகமாக எரிந்து, செல்லையே அரிக்கும் வீரிய மூலக்கூறுகள் உண்டாகின்றன. நல்ல ஈரல் இந்த அடியைத் தாங்கும். ஏற்கெனவே பலவீனமான ஈரல் தாங்காது.

3. குளிரில் உறங்கும் ஈரலைச் சோதிக்க வழியில்லை. அது பித்தநீர் சுரப்பதில்லை, சர்க்கரையைக் கையாள்வதில்லை, எந்தச் செயலையும் காட்டுவதில்லை. பொருத்திய பிறகு வேலை செய்யுமா என்பதை, பொருத்திய பிறகுதான் அறிய முடியும்.

மூன்றாவது குறைதான் எல்லாவற்றிலும் கடுமையானது என்பது என் எண்ணம். முதல் இரண்டும் ஈரலைக் காயப்படுத்துகின்றன. மூன்றாவது, காயப்படாத ஈரலையும் குப்பைக்கு அனுப்புகிறது.

எந்த ஈரல்கள் ஒதுக்கப்படுகின்றன

கொடையாக வரும் கல்லீரலைப் பார்க்கும் மருத்துவர் என்ன செய்வார்? கொடையாளரின் வயது, ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஐ.சி.யூ.வில் இருந்த நாட்கள், பிறகு கண்ணால் பார்த்த நிறம், கையால் தொட்டுப் பார்த்த மென்மை. வேண்டுமானால் ஒரு சிறு துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். இவற்றை வைத்து நள்ளிரவில், சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். தவறாகப் பொருத்திய ஈரல் வேலை செய்யாவிட்டால் சில நாட்களுக்குள் இன்னொன்று கிடைத்தாக வேண்டும், இல்லையேல் நோயாளி இறப்பார். இந்த நிலையில் சந்தேகம் வந்தால் வேண்டாம் என்று சொல்வதே பொறுப்பான முடிவு. அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அப்படி ஒதுக்கப்படுபவற்றில் இரண்டு வகை முக்கியமானவை.

ஒன்று, கொழுப்பு படிந்த ஈரல். ஃபேட்டி லிவர் என்று நம் வீடுகளில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் படிக்கிறோமே, அதே பிரச்சினைதான். கொழுப்பு நிறைந்த செல் குளிரையும், பின்பு வரும் ரத்தப் பாய்ச்சலையும் தாங்குவதில்லை. பெரிய கொழுப்புத்துளிகள் 30 விழுக்காட்டைத் தாண்டினால் மருத்துவர் யோசிப்பார், 60 விழுக்காட்டைத் தாண்டினால் பெரும்பாலும் மறுத்துவிடுவார். உடல் பருமனும் நீரிழிவும் கூடும் நாடுகளில் கொடையாளர்களிடமும் இவ்வகை ஈரல்கள் கூடிக்கொண்டே போகின்றன.

இன்னொன்று, இதயம் நின்றபின் எடுக்கப்படும் ஈரல். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், வென்டிலேட்டரின் துணையோடு, உறுப்பை எடுக்கும் கணம்வரை துடித்துக்கொண்டிருக்கும். ஈரலுக்கு ரத்தம் குறைவதில்லை. ஆனால் தீவிர மூளைக் காயம் பட்ட சிலருக்கு மூளைச்சாவின் வரையறை முழுதாகப் பொருந்தாது, பிழைக்க வழியும் இருக்காது. சிகிச்சையைத் தொடர்வதில் பயனில்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்து, குடும்பமும் ஒப்புக்கொண்டு, உயிர்காப்புக் கருவிகளை விலக்குவார்கள். இதயம் தானாக நிற்கும். பிரிட்டனில் 5 நிமிடம் காத்திருந்து மரணத்தை உறுதி செய்தபின் உறுப்பை எடுக்கத் தொடங்குவார்கள். ரத்த அழுத்தம் விழத் தொடங்கியது முதல் குளிர்த் திரவம் பாயும்வரை ஈரல் உடல் சூட்டிலேயே ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கிறது.

இதில் முதலில் அடிபடுவது பித்தநாளங்கள். கல்லீரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது: குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை முக்கால் பங்கு, கல்லீரல் தமனி கால் பங்கு. ஈரல் செல்களுக்கு இரண்டும் உதவும். பித்தநாளங்களுக்கோ தமனி மட்டுமே கதி. எனவே ஈரல் நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிறகும், சில மாதங்கள் கழித்துப் பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கலாம். காமாலை, அடிக்கடி தொற்று, கடைசியில் மறுபடி மாற்று அறுவை என்று அது நீளும். கீழே வரும் பாதி விஷயங்கள் இந்த ஒரு பிரச்சினையோடு சம்பந்தப்பட்டவை.

இருப்பதைப் பெருக்கும் பழைய வழிகள்

இயந்திரத்துக்கு முன்பே அறுவை மருத்துவர்கள் பல வழிகளைக் கண்டிருந்தார்கள். ஒரு ஈரலை இரண்டாகப் பிரித்து ஒரு பெரியவருக்கும் ஒரு குழந்தைக்கும் வைப்பதை 1988இல் ஜெர்மனியின் ஹானோவரில் ருடால்ஃப் பிச்ல்மாயர் செய்துகாட்டினார். உயிரோடிருக்கும் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுப்பது 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரசல் ஸ்ட்ராங்கின் கையில் முதன்முதலாக வெற்றி பெற்றது. ஈரல் வெட்டிய பிறகும் வளரக்கூடியது என்பதால்தான் இவை சாத்தியம்.

மயிலாடுதுறைப் பகுதியிலிருந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்கு வந்து, பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய முகமது ரேலாவின் பெயர் இந்த வரலாற்றில் உண்டு. 1997இல் பிறந்து 5 நாளே ஆன பெண்குழந்தைக்கு அவர் ஈரலின் ஒரு பகுதியைப் பொருத்தினார். முழு ஈரல் அந்த வயிற்றுக்குள் போகவே போகாது. ஈரலைத் துண்டுதுண்டாகப் புரிந்துகொண்டவர்களால்தான் அது நடந்தது.

ஆனால் இந்த முறைகளுக்கெல்லாம் நல்ல ஈரல்தான் முதல் தேவை. சுமாரான ஈரலை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது.

கேம்பிரிட்ஜிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு

பீட்டர் ஃப்ரெண்ட் பயிற்சி பெற்றது கேம்பிரிட்ஜில், ராய் கால்னின் பிரிவில். உறுப்பு மாற்று சிகிச்சை பிள்ளைப் பருவத்தைத் தாண்டிக்கொண்டிருந்த காலம் அது. நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் ‘கேம்பாத்’ என்ற எதிர்ப்புரதத்தைச் சிறுநீரக மாற்றில் பயன்படுத்தியதைக் குறித்து கால்னோடு சேர்ந்து அவர் 1998இல் எழுதினார். அந்தத் தலைமுறையின் முதன்மைக் கவலை அதுதான்: பொருத்திய உறுப்பை உடல் எதிர்க்காமல் பார்த்துக்கொள்வது.

1999இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் உறுப்பு மாற்று சிகிச்சைப் பேராசிரியரானார். அங்கே அவருடைய ஆராய்ச்சி வேறு திசையில் திரும்பியது. எதிர்ப்பு மருந்துகள் ஓரளவு கைவசமாகிவிட்டன, இனி உறுப்பே போதவில்லை என்ற நிலை. ஐஸில் வைத்தால் ஈரல் கெடுகிறது, சோதிக்கவும் முடிவதில்லை. அப்படியானால் குளிர்விக்காமலே வைத்திருக்க முடியாதா?

யோசனை புதிதல்ல. 1930களிலேயே அலெக்சி கேரலும் விமானி சார்லஸ் லிண்ட்பர்கும் உறுப்புகளை உடலுக்கு வெளியே திரவம் ஓடவிட்டு வைக்கும் கண்ணாடிக் கருவியைச் செய்தார்கள். ஸ்டார்ஸலின் குழுவும் 1960களில் ஈரலைக் குளிரான திரவத்தால் ஊட்டிப் பாதுகாக்கும் பெட்டியைப் பயன்படுத்தியது. ஐஸ் எளிதாகவும் மலிவாகவும் இருந்ததால் இயந்திரங்கள் ஓரங்கட்டப்பட்டன.

ஃப்ரெண்டின் குழு பன்றி ஈரல்களில் தொடங்கியது. 2002இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, உடல் சூட்டில் ரத்தம் ஓடவிட்டு வைத்த ஈரல்கள் ஐஸில் வைத்தவற்றைவிடச் சிறப்பாக இயங்கியதைக் காட்டியது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பம்புகளும் குழாய்களும் மேசை முழுக்கப் பரப்பிச் செய்வது வேறு. அதை ஆம்புலன்சில் ஏற்றி, நள்ளிரவில் ஒரு நர்ஸ் இயக்கக்கூடியதாக்குவது வேறு. அதற்குப் பொறியாளர் வேண்டும். உயிர்மருத்துவப் பொறியியல் பேராசிரியர் கான்ஸ்டன்டின் கூசியோஸும் ஃப்ரெண்டும் சேர்ந்து 2008இல் ஆர்கன்ஆக்ஸைத் தொடங்கினார்கள். 2013 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், இந்தக் கருவியில் சூடாக வைத்திருந்த ஈரல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

பன்றி ஈரல் கட்டுரைக்கும் முதல் நோயாளிக்கும் இடையே 11 ஆண்டுகள். ஒரு மருத்துவர் தன் வாழ்நாளின் நடுப்பகுதியை ஒரே கேள்விக்குக் கொடுக்கிறார் என்றால், அந்தக் கேள்வியின் பெறுமதியை அவர் நம்பியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

கருவி எப்படி இயங்குகிறது

கருவியின் பெயர் ‘மெட்ரா’. கிரேக்கத்தில் கருப்பையைக் குறிக்கும் சொல். ரத்த வங்கியிலிருந்து பெற்ற சிவப்பணுக்களை ஒரு திரவத்தோடு கலந்து, ஆக்சிஜன் ஏற்றி, 37 டிகிரி சூட்டில் தமனி வழியாகவும் போர்ட்டல் சிரை வழியாகவும் ஈரலுக்குள் செலுத்துகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், உணவாக அமினோ அமிலங்கள், கூடவே இன்சுலினும் பித்த உப்பும் சேர்க்கப்படும். ரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் கருவி தானே சரிசெய்துகொள்ளும்.

ஈரல் விழித்தவுடன் வேலையைத் தொடங்குகிறது. அப்போது பார்க்க வேண்டியவை:

1. லாக்டேட். ஆக்சிஜன் இன்றித் தவித்த செல்கள் விட்டுச்செல்லும் அமிலப்பொருள் இது. நல்ல ஈரல் இதை விரைவாக அகற்றும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மருத்துவக் குழு வைத்த அளவுகோல்படி 4 மணி நேரத்துக்குள் லிட்டருக்கு 2.5 மில்லிமோல் என்ற அளவுக்கு இறங்க வேண்டும்.

2. கார அமிலச் சமநிலை. திரவத்தின் பி.எச். 7.3க்குக் குறையாமல் ஈரல் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

3. சர்க்கரை. குளுக்கோஸை உள்ளிழுத்துக் கையாள்கிறதா?

4. பித்தநீர். அளவைவிடத் தன்மை முக்கியம். பித்தநாளத்தின் உட்சுவர் நலமாக இருந்தால் அது பித்தநீரைக் காரத்தன்மை உடையதாக மாற்றும். பி.எச். 7.5ஐத் தாண்டினால் நாளங்கள் பிழைத்திருக்கின்றன என்று கேம்பிரிட்ஜில் கிறிஸ் வாட்சனின் குழு காட்டியது.

5. ரத்த ஓட்டம். தமனியிலும் சிரையிலும் தடையின்றிப் போகிறதா, ஈரல் முழுக்க ஒரே நிறமாக இருக்கிறதா?

முன்பு கையால் தொட்டு ஊகித்த இடத்தில் இப்போது எண்கள் இருக்கின்றன. நோயாளியை மயக்குவதற்கு முன்பே ஈரலைப் பற்றித் தெரிந்துவிடுகிறது. டெருமோ கொடுக்கும் பணம் பெரும்பகுதி இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

2018இல் ‘நேச்சர்’ இதழில் ஃப்ரெண்டின் குழு வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பாவில் செய்யப்பட்ட 220 மாற்று அறுவைகளை ஒப்பிட்டது. குலுக்கல் முறையில் சில ஈரல்கள் ஐஸுக்கும் சில கருவிக்கும் போயின. ஈரல் காயத்தைக் காட்டும் நொதியின் அளவு, கருவிப் பிரிவில் பாதியாக இருந்தது. ஐஸ் பிரிவில் 24.1 விழுக்காடு ஈரல்கள் கைவிடப்பட்டன, கருவிப் பிரிவில் 11.7 விழுக்காடு மட்டுமே. சேமித்த நேரமோ 54 விழுக்காடு கூடுதல். நேரம் கூடியும் காயம் குறைந்தது என்பதுதான் இதில் வியப்பு.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு, செய்திகளில் அது விடுபட்டுப்போனது. ஓராண்டில் நோயாளிகள் பிழைத்திருந்த விகிதத்திலும், பித்தநாளச் சிக்கலிலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைக் கருவியின் தோல்வி என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐஸ் பிரிவில் கைவிட்ட ஈரல்களின் ரகத்தைச் சேர்ந்தவை கருவிப் பிரிவில் பயன்பட்டிருக்கின்றன. அவற்றையும் சேர்த்துக்கொண்ட பிறகும் முடிவு மோசமாகவில்லை என்றால், கூடுதலாகச் சிலருக்கு ஈரல் கிடைத்திருக்கிறது என்று பொருள். வரிசையில் நிற்பவர் பார்வையில் அதுதான் கணக்கு.

இதற்கு அடுத்த கேள்வியைப் பர்மிங்ஹாம் குழு நேரடியாகக் கேட்டது. பிரிட்டனில் உள்ள எல்லா மையங்களும் வேண்டாம் என்று மறுத்த 31 ஈரல்களைக் கருவியில் ஏற்றிப் பார்த்தார்கள். மேலே சொன்ன அளவுகோல்களில் 22 தேறின. அந்த 22 பேரும் 90 நாட்களுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். 2020இல் இது வெளியானபோது துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனாலும் பிறகு அவர்களில் 4 பேருக்குப் பித்தநாளங்கள் சுருங்கி மறுபடி மாற்று அறுவை தேவைப்பட்டது. 22இல் 4 என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. ஈரல் செல்களை அளப்பதில் கெட்டிக்காரக் கருவி, பித்தநாளங்களைக் காப்பதில் அத்தனை தேர்ந்ததல்ல என்பது இதில் தெரிந்தது.

அந்த இடத்தில் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு வேறு வழியில் வந்தது. அவர்கள் ஈரலைச் சூடாக்கவில்லை. குளிர்ந்த நிலையிலேயே, பொருத்துவதற்கு முன் இரண்டு மணி நேரம், ஆக்சிஜன் நிறைந்த திரவத்தை ஓடவிட்டார்கள். செல்கள் மெதுவாக ஏ.டி.பி.யைச் சேர்த்துக்கொள்ளும், தேங்கிய சக்சினேட் மெல்லக் கரையும். ரத்தம் திரும்பும்போது அடி குறையும். இதயம் நின்றபின் பெற்ற ஈரல்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், பித்தநாளச் சுருக்கம் ஐஸ் பிரிவில் 18 விழுக்காடு, ஆக்சிஜன் பிரிவில் 6 விழுக்காடு. மலிவான கருவி, எளிய முறை, மூன்றில் ஒரு பங்கு சிக்கல். சோதிப்பதற்குச் சூடு, பித்தநாளத்தைக் காப்பதற்குக் குளிர் ஆக்சிஜன் என்று இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யும் மையங்களும் இப்போது உண்டு.

சூரிக்கில் பியர்-அலேன் கிளாவியனின் குழு 2021இல் ஓர் ஈரலை மூன்று நாள் கருவியில் வைத்திருந்து பொருத்தியது. அந்த ஈரலில் சந்தேகத்துக்குரிய ஒரு கட்டி இருந்ததால் மற்ற மையங்கள் மறுத்திருந்தன. மூன்று நாள் கிடைத்ததால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க முடிந்தது. ஒரு நோயாளியின் அனுபவத்தை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லக்கூடாது, ஆனால் நேரம் கிடைத்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு அது ஒரு தடயம்.

ஒதுக்கிய ஈரலை வைப்பது நியாயமா

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாம் ஆய்வில் சேர்ந்தவர்கள் விவரம் சொல்லப்பட்டு, ஒப்புதல் கொடுத்தே சேர்ந்தார்கள். நோயாளி முன் இருக்கும் தேர்வு, சிறந்த ஈரலா சுமாரான ஈரலா என்பது அல்ல. இன்று கிடைக்கும் சோதித்த ஈரலா, என்றோ வரக்கூடிய நல்ல ஈரலுக்கான காத்திருப்பா என்பதே. காத்திருக்கும்போது இறப்பவர்கள் எந்த அறுவையின் தோல்விக் கணக்கிலும் வருவதில்லை. மையங்களின் தரத்தை அறுவைக்குப் பின் பிழைத்தவர் விகிதத்தால் மட்டும் அளக்கும் வழக்கம், மருத்துவர்களை இன்னும் எச்சரிக்கையாக்குகிறது. அந்த எச்சரிக்கைக்கு விலை கொடுப்பது வரிசையில் நிற்பவர்.

நோயாளியின் குடும்பம் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த ஈரலை ஏன் மற்றவர்கள் மறுத்தார்கள்? கருவியில் என்ன எண்கள் வந்தன? பித்தநாளச் சிக்கல் வந்தால் மறுபடி பட்டியலில் சேர முன்னுரிமை உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் தரும் மருத்துவரிடம் நம்பி ஒப்புதல் கொடுக்கலாம்.

இதனால் என்ன மாறுகிறது

அமெரிக்காவில் 2021இல் இரண்டு சூட்டுக் கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது. ஒன்று மெட்ரா, மற்றொன்று டிரான்ஸ்மெடிக்ஸ் நிறுவனத்தின் கருவி. அதன்பின் இதயம் நின்றபின் பெறும் ஈரல்களின் பயன்பாடு அங்கே வேகமாகக் கூடியிருக்கிறது. டிரான்ஸ்மெடிக்ஸ் சொந்தமாக விமானங்களே வாங்கிவிட்டது.

அறுவை அரங்கிலும் மாற்றம் தெரிகிறது. நள்ளிரவு இரண்டு மணிக்குக் குழுவை எழுப்பி ஓடவிட்ட வேலை, ஈரல் கருவியில் பத்திரமாக இருப்பதால் காலை எட்டு மணிக்கு நகர்ந்திருக்கிறது. ஓய்வெடுத்த கைகள் செய்யும் அறுவை நோயாளிக்கு நல்லது. அப்புறம், ஈரல் கருவியில் இருக்கும் நேரத்தில் அதற்கு வைத்தியமும் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் மருந்துகளைக் கருவிக்குள்ளேயே செலுத்தும் முறையை ஆக்ஸ்ஃபோர்டு குழு சோதித்துவருகிறது. அது கைகூடினால் ஃபேட்டி லிவர் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கப்படும் ஈரல்கள் குறையும்.

2024 ஜனவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இன்னொரு பயன்பாட்டை அறிவித்தது. மரபணு திருத்திய பன்றியின் ஈரலை இதே கருவியில் வைத்து, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் ரத்தத்தை அதன் வழியாக மூன்று நாள் ஓடவிட்டார்கள். ஈரல் திடீரெனச் செயலிழந்தவருக்கு, அவருடைய ஈரலே மீளும்வரை வெளியிலிருந்து உதவலாமா என்பதே நோக்கம். கல்லீரலுக்கு டயாலிசிஸ் இல்லை என்ற பழைய குறைக்கு இது வழிகாட்டக்கூடும்.

பணமும் மாற்றத்தில் அடக்கம். ஐஸுக்கு ஆகும் செலவு அற்பம். சூட்டுக் கருவியில் ஒவ்வொரு ஈரலுக்கும் ஒருமுறை மட்டும் பயன்படும் குழாய்த் தொகுதி வேண்டும், ரத்தம் வேண்டும், இரவெல்லாம் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். காப்பீடோ அரசோ ஏற்காவிட்டால் இது பணக்கார நாடுகளின் வசதியாக நின்றுவிடும்.

இந்தியாவுக்கு எது பொருந்தும்

இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது. தமிழ்நாடு 2008இல் இறந்தவர் உறுப்புக்கொடைக்கென முறையான திட்டத்தைத் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. ஆனாலும் நாட்டளவில் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பாலானவை இன்றும் உயிரோடிருப்பவர் கொடுப்பவையே. மகனுக்குத் தாய், கணவனுக்கு மனைவி என்று ஆரோக்கியமான ஒருவர் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். ஆயிரத்தில் சிலருக்கேனும் அதில் உயிராபத்து உண்டு. இறந்தவரிடமிருந்து கிடைக்கும் ஒவ்வொரு ஈரலும் வீணாகாமல் பார்த்துக்கொள்வது, வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் வயிற்றையும் காப்பாற்றுகிறது. நம் நாட்டில் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம் என்பதால் அப்படிச் சொல்கிறேன்.

பிரிட்டனின் பெரும் லாபம் இதயம் நின்றபின் கிடைக்கும் ஈரல்களிலிருந்து வந்தது. இந்தியாவில் அந்த வழி கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. பயனற்ற சிகிச்சையை விலக்குவதற்கு 2018இல் உச்ச நீதிமன்றம் வழி வகுத்து, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. ஆனால் மருத்துவமனைகளின் அன்றாடப் பழக்கத்துக்குள் அது இன்னும் இறங்கவில்லை. குடும்பங்களுக்கும் அந்த உரையாடல் புதிது. அது பழகாமல் அந்த வகைக் கொடைக்காகக் கருவி வாங்குவதில் பயனில்லை.

நமக்கு உடனடியாக உதவக்கூடியது வேறு. நம் கொடையாளர்களில் பலர் சாலை விபத்தில் அடிபட்ட இளைஞர்கள், அவர்களிடமும் ஃபேட்டி லிவர் பரவலாகிவருகிறது. தூர மாவட்ட மருத்துவமனையில் கிடைக்கும் ஈரல் சென்னைக்கு வர மணிக்கணக்காகும். கொழுப்பும் தூரமும் சேர்ந்த ஈரலுக்குத்தான் ஐஸ் மிக மோசமான இடம். எனவே பெரிய மையங்களில் முதலில் குளிர் ஆக்சிஜன் கருவிகளை வைப்பது செலவுக்குத் தகுந்த தொடக்கமாக இருக்கும். சந்தேகத்துக்குரிய ஈரல்களைச் சோதிக்க ஓரிரு சூட்டுக் கருவிகளை மாநில அளவில் பொதுவாக வைத்து, எந்த மருத்துவமனையும் பயன்படுத்தும்படி செய்யலாம். கூடவே, மறுக்கப்பட்ட ஒவ்வொரு ஈரலும் எந்தக் காரணத்துக்காக மறுக்கப்பட்டது என்ற பதிவை மாநிலம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எத்தனை ஈரலை இழக்கிறோம், எதனால் இழக்கிறோம் என்ற கணக்கு கையில் இருந்தால்தான் எந்தக் கருவி எத்தனை வேண்டும் என்று தீர்மானிக்க முடியும்.